பத்து நிமிடத்தில் வராவிட்டால்

காலையிலிருந்தே மருந்துக் கிடங்கின் சர்வருக்குள் கிளை ஆட்கள் யாராலும் நுழைய முடியவில்லை. ரிமோட் டெஸ்க்டாப் திறக்கும், சுற்றும், அறுந்துவிடும். வீட்டிலிருந்தபடி நான் மட்டும் உள்ளே போயிருந்தேன். கிளைகளின் இணைய முகவரிகள் மாறிவிட்டிருந்தன. சர்வரின் வாசல் காவலான ஃபயர்வால் இன்னும் பழையவற்றையே அனுமதித்துக்கொண்டிருந்தது. பட்டியலைப் புதிதாக எழுதிச் சேமித்தேன். மறுகணம் என் திரை உறைந்தது. அதில் என் முகவரியைச் சேர்க்க மறந்திருந்தேன்.

கிடங்கு மேனேஜர் போன் செய்தார். “என்ன மேடம், ஆச்சா?”

“இப்ப நானும் வெளியிலதான் சார் நிக்கிறேன்.”

“நல்லாருக்கு போங்க! டாக்டரும் படுத்தாச்சா?”

“பத்து நிமிஷம் குடுங்க. தானா திறந்துக்கும்.”

“அதென்ன, மந்திரமா?”

மந்திரமில்லை, தொழில் பழக்கம். ஃபயர்வாலைத் தொடுவதற்கு முன் சர்வரிடம் ஒரு கட்டளையை விட்டுவைப்போம்: பத்து நிமிடத்தில் நான் வந்து நிறுத்தாவிட்டால், எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடு.

காத்திருப்பதைத் தவிர வேலையில்லை. எதிரே குளியலறைக் கதவு தெரிந்தது. போன செவ்வாய்க்கிழமை அதன் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. போன் கட்டில்மேல் கிடந்தது. தட்டினேன், கத்தினேன். இரண்டு மணி நேரம் கழித்து பிரஷ்ஷின் காம்பால் நெம்பித்தான் வெளியே வந்தேன். வந்ததும் போனைப் பார்த்தேன். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. உள்ளே இருந்தவரை அழவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் அழுதேன்.

ஒரு இரும்புப் பெட்டிக்கு இவ்வளவு யோசித்துச் செய்கிறேன். நான் வராவிட்டால் யாருக்குத் தெரியும்?

பதினோராவது நிமிடம் இணைப்பு வந்தது. முதலில் என் முகவரி, பிறகு கிளைகளுடையது. “மந்திரமேதான் மேடம்!” என்றார் மேனேஜர்.

அவர் போனை வைத்த பிறகு தங்கையின் எண்ணை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் தனியாளான புதிதில், வந்து தன்னோடு இருக்கச் சொன்னாள். “உன் பரிதாபம் எனக்கு வேண்டாம்” என்று போனை வைத்தவள்தான் நான். எட்டு மாதமாகிறது. எண்ணை அழுத்தினேன்.

“என்னக்கா, இப்பத்தான் என் நம்பர் கெடைச்சுதா?”

“தினமும் காலையில ஒன்பது மணிக்குள்ள உனக்கு மெசேஜ் அனுப்புவேன். வரலேன்னா கூப்பிடு. எடுக்கலேன்னா கெளம்பி வந்துடு.”



“என்ன மெசேஜ்?”

“சும்மா ஒரு புள்ளி.”

“புள்ளிய வெச்சு நான் கோலமா போடப்போறேன்? என்ன சாப்பிட்டேன்னு எழுது. ஒன்பதெல்லாம் ரொம்ப லேட்டு. எட்டு மணி.”

“சரி.”

“சண்டை தீந்துடுச்சுன்னு நெனைக்காதே” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

மறுநாள் ஏழேமுக்காலுக்கே எழுதி முடித்தேன்: இரண்டு முட்டை, ஒரு காபி. அனுப்பவில்லை. சோதித்துப் பார்க்காத எதையும் நம்பி எனக்குப் பழக்கமில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எட்டு ஆயிற்று. எட்டு ஒன்று.

எட்டு இரண்டுக்குப் போன் அடித்தது.