எழுமலை பஸ்

இட்லிக் கடையைத் தாண்டி வந்துவிட்டோம் என்பது பாலத்தின் பாதிக்கு வந்த பிறகுதான் சோலையம்மாளுக்கு உறைத்தது, அதுவும் உறைத்ததா, இல்லை தெரிந்தேதான் தாண்டினோமா… கையில் தூக்குவாளி காலியாக ஆடிக்கொண்டிருந்தது, ஆஸ்பத்திரி வாசலிலேயே வரிசையாகக் கடைகள் இருக்கின்றன, இட்லி வாங்கிட்டு வாரேன் என்று புருசனிடம் சொல்லிவிட்டு வந்தவள் ஆற்றைத் தாண்டி எதற்கு நடக்கிறாள். அங்கே கட்டிலில் கிடக்கிற பேயாண்டிக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, ஊசியால் குத்தினாலும் முகம் சுளிப்பதில்லை, காலையில் நர்சம்மா வந்து போர்வையைச் சரிசெய்துகொண்டே, நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரும்மா, இனிமே இங்க செய்யிறதுக்கு ஒண்ணுமில்ல, முதுகுல புண்ணு வராமப் புரட்டிப் போட்டுப் பாத்துக்க என்றாள், நல்லவிதமாகத்தான் சொன்னாள், இவளும் தலையை ஆட்டினாள், எந்த வீட்டுக்கு என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது. வீடுதான் போன வாரமே போய்விட்டதே. கொழுந்தன் சுருளி வந்து, அண்ணன் காதில் விழாதபடி வார்டு வாசலிலேயே நின்று சொன்னான், கரையோரமா ரோடு போடுறாங்களாம் மதினி, நம்ம குடிசையையும் சேத்து வழிச்சுட்டாங்க, அடுப்பையும் ரெண்டு பாத்திரத்தையும்தான் எடுக்க முடிஞ்சது என்று. அவனும் எங்கே போவான், பெண்டாட்டி பிள்ளையோடு பழங்காநத்தத்தில் யாரோ வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒண்டிக்கொண்டிருக்கிறான்.

கீழே ஆறு என்ற பேரில் ஒரு சாக்கடை ஓரமாக ஓடியது, மற்றதெல்லாம் கருவேலஞ்செடியும் குப்பையும் மேய்கிற பன்றியும்… இதே ஆற்றில்தான் கல்யாணமான புதிதில் இருவரும் வந்து இறங்கினார்கள், எழுமலைப் பக்கம் மழை பொய்த்துக் கடலைச்செடி கருகிப்போன வருசம், மதுரைக்குப் போனா மணல் அள்ளியாவது பொழைக்கலாம் என்று பேயாண்டிதான் கூட்டி வந்தான், அவன் லாரிக்கு மணல் ஏற்றுவான், இவள் சல்லடையில் சலிப்பாள், தாகமெடுத்தால் கையாலேயே ஊற்றுத் தோண்டிக் குடிப்பார்கள், அப்படியொரு தெளிந்த தண்ணீர்… சாராயம் குடித்துவிட்டு வந்து அவன் இவளை அடித்ததும் இந்த ஆற்றுக்குள்தான், மறுநாள் அவனே அந்த ஊற்றுத் தண்ணீரில் துண்டை நனைத்து வீங்கின கன்னத்தில் ஒற்றி எடுத்ததும் இந்த ஆற்றுக்குள்தான், எதை வைத்து அந்த மனுசனை நல்லவன் கெட்டவன் என்று சொல்வது. அப்புறம் மஞ்சள் நிறத்தில் பொக்லைன் மிஷின் வந்தது. ஆட்கள் பொழுதெல்லாம் அள்ளுகிற மணலை டீ குடிக்கிற நேரத்துக்குள் அள்ளிப் போட்டது, லோடு ஏற்றியவர்கள் எல்லாம் கரையில் குந்தி வேடிக்கை பார்த்தார்கள். அது ரிப்பேராகி நின்ற அன்றைக்குத்தான் மறுபடியும் ஆள் கூப்பிட்டார்கள், மிஷின் தோண்டிவிட்டுப் போன பள்ளம் பனைமர ஆழம், உள்ள எறங்கி வெட்டி ஏத்துங்கப்பா என்றான் மணல் குத்தகைக்காரரின் ஆள், பேயாண்டிதான் முதல் ஆளாக இறங்கினான், வேலைக்கு வா என்று ஒருத்தர் அவனைக் கூப்பிட்டு எம்புட்டு நாளாகியிருந்தது. சத்தமே இல்லாமல் சரிந்தது… மணல் சரிந்தால் சத்தம் வராது என்பது அதுவரைக்கும் அவளுக்குத் தெரியாது. மண்வெட்டி ஆள் மேல் பட்டுவிடும் என்று எல்லோரும் கையாலேயே தோண்டினார்கள், இவளும் நகம் பிய்ந்து ரத்தம் வரத் தோண்டினாள், முதலில் தலைமுடி தட்டுப்பட்டது, பிறகு நெற்றி, வாயில் அடைத்திருந்த மணலை விரலை விட்டு எடுத்தவளே இவள்தான், மூச்சு வந்ததும், பொழச்சுக்கிட்டான் பொழச்சுக்கிட்டான் என்று எத்தனை பேர் கையெடுத்துக் கும்பிட்டார்கள்… அன்றைக்குக் கொஞ்சம் மெதுவாகத் தோண்டியிருந்தால்… சீ, என்ன நினைப்பு இது, பெற்ற பிள்ளைக்குத் தகப்பன் அவன். ஆனால் அந்த நினைப்பு அவளைக் கேட்டுக்கொண்டா வருகிறது, ஆஸ்பத்திரிக் குழாயடியில் அவன் துணியை அலசும்போதெல்லாம் வருகிறது, பாலத்தில் நடக்கும்போதும் கூடவே வருகிறது.

பாலம் முடிந்ததும் திரும்பியிருக்கலாம், திரும்பவில்லை, ஆற்றோரமாகவே மேற்கே நடந்தால் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட், அங்கிருந்து எழுமலைக்குப் பஸ், அது எப்போது மனசுக்குள் வந்து உட்கார்ந்தது… மகள் அஸ்வினி அங்கே தம்பி அழகுபாண்டி வீட்டில் இருக்கிறாள், விபத்து நடந்த மறுநாளே கூட்டிக்கொண்டு போய்விட்டான். நேற்று எஸ்.டி.டி. பூத்திலிருந்து தம்பிக்குப் போன் போட்டு வீடு இடிந்ததைச் சொன்னாள். கேட்டுவிட்டு அவன் சொன்னான்.

"நீயும் புள்ளையும்னா எப்ப வேணா வாங்கக்கா. மச்சானக் கொண்டாந்து இங்க யாரு பாக்குறது? எம் பொண்டாட்டி ஒத்துக்க மாட்டா."

அவனைச் சொல்லியும் குற்றமில்லை, ஒற்றை அறையும் ஒரு மாட்டுக் கொட்டமும் வைத்திருக்கிறவன் எங்கே கொண்டுபோய்க் கிடத்துவான்… ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் இல்லையா என்ன, கடைசிக் கட்டிலில் ஒரு பெரியவர் அப்படித்தான் கிடக்கிறார், சோறு வந்தால் சாப்பிடுகிறார், சாகவா செய்துவிட்டார். குடிசை இருந்த இடம் வழியில்தான் வந்தது, அவள் நிற்கவில்லை, தட்டி நிரவின செம்மண், அதன்மேல் அதே மஞ்சள் நிறத்தில் ஒரு மிஷின்.

எழுமலை பஸ் புறப்படத் தயாராக நின்றது, ஏறி உட்கார்ந்தாள், யாரும் எதுவும் கேட்கவில்லை, எம்புட்டு லேசாக இருக்கிறது ஒரு பஸ்ஸில் ஏறுவது… பக்கத்தில் ஜவுளிப் பைகளை மடியில் அடுக்கி வைத்துக்கொண்டு ஒரு பொம்பளை, மகளுக்குக் கல்யாணமாம், பஸ் நகர்ந்ததும் பேச்சுக் கொடுத்தாள், எந்த ஊரு, யாரு வீடு, வீட்டுக்காரரு என்ன வேலை பாக்குறாரு. சோலையம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தாள், தாலிக்கயிறு வெளியே தெரியவில்லை, நெற்றியில் பொட்டு வைத்தே பல நாளாகிறது.

"இல்ல. மணல் சரிஞ்சு செத்துப் போயிட்டாரு."

தன் வாயிலிருந்தா வந்தது என்று திடுக்கிட்டு அந்தப் பொம்பளையின் முகத்தைப் பார்த்தாள், அவள் நம்பிவிட்டாள், ஜவுளிப் பையைக் கீழே வைத்துவிட்டு இவள் கையைப் பிடித்துக்கொண்டாள், அய்யோ ஆத்தா, இந்த வயசுலயா என்றாள், அவ்வளவுதான், எங்கிருந்து வந்ததோ, ஆஸ்பத்திரியில் ஒரு சொட்டு வராத அழுகை, இனி நடக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னபோதும் வராத அழுகை, தொண்டையை அறுத்துக்கொண்டு வந்தது, முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்க அழுதாள், என்னய விட்டுட்டுப் போயிட்டாரே என்று வாய்விட்டே அழுதாள், பொய் இல்லை அது, லோடு முடிந்ததும் மணல்மேல் மல்லாக்கப் படுத்துக்கொண்டு, வாடி சோலை, இதவிட மெத்தை எவனுக்குக் கெடைக்கும் என்றவன் நிஜமாகவே போய்விட்டான்தானே. அந்தப் பொம்பளை முதுகைத் தடவிக் கொடுத்தாள், கொஞ்ச நேரம் கழித்து, ஆறுதலுக்குக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"எங்க கெடத்தி வச்சுத் தூக்குனீக? ஊருக்குக் கொண்டு போனீகளா?"

சோலையம்மாள் வாயைத் திறந்தாள். எங்கே வைத்து… இடித்துப்போட்ட குடிசையிலா, மச்சானைக் கொண்டுவர வேண்டாம் என்று சொன்ன தம்பி வீட்டிலா, கண்ணுக்குள் அவனைக் கொண்டுபோய் ஒவ்வொரு இடமாகக் கிடத்திப் பார்த்தாள், ஒரு இடத்திலும் கிடத்த முடியவில்லை, போர்வை விலகி அந்தக் கட்டிலிலேயே கிடந்தான், வாளியோடு போனவளைக் காணோமே என்று… காளவாசலில் சிக்னலுக்குப் பஸ் நின்றபோது எழுந்து இறங்கிவிட்டாள், கண்டக்டர் ஏதோ சத்தம் போட்டார், அந்தப் பொம்பளை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது இட்லி தீர்ந்திருந்தது, வாளியில் டீயும் பன்னும் வாங்கிக்கொண்டு மேலே போனாள். பேயாண்டி வார்டு வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தான், கோபப்படுவான் என்று நினைத்தாள், கோபப்படவில்லை, கூட்டமா என்று மட்டும் கேட்டான், ஆமாம் என்றாள். பன்னைப் பிய்த்து டீயில் நனைத்து ஊட்டக் குனிந்தபோது அவள் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தான்.

"கண்ணு செவந்து கெடக்கு. அழுவாத சோலை. நாந்தான் இருக்கேன்ல."

இம்புட்டு வருசத்தில் இப்படி ஒரு சொல் அவன் சொன்னதே இல்லை, இதைக் கேட்டால் நெஞ்சு வெடித்திருக்க வேண்டும், அவள் காத்திருந்தாள், எதுவும் வரவில்லை, கண் வறண்டுபோய் எரிந்தது, அவ்வளவையும் பஸ்ஸிலேயே அழுது தீர்த்துவிட்டோமா, அப்படியானால் அங்கே அழுதது யாருக்காக, இவனுக்காகவா, அன்றைக்கு மணலுக்குள்ளிருந்து வெளியே வராமலே போன ஒருத்தனுக்காகவா, அவன்தான் புருசன் என்றால் நாளைக்குக் காலையில் தூக்கிக்கொண்டு போகப்போகிற இந்த மனுசன் யார்… அடுத்த வாய்க்குப் பேயாண்டி வாயைத் திறந்தபடி காத்திருந்தான்.