முதுகு ஜிப்

கலிஸ்தோ முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். "இழுங்க அண்ணி."

நெல்டா ஜிப்பைப் பிடித்திருந்தாள்; இழுக்கவில்லை. தண்ணீர் புகாத அந்தக் குளிர் உடுப்பின் ஜிப் முதுகில் ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை ஓடும். போட்டவனால் தானே மூட முடியாது. காலையில் இதே படகில் எராஸ்மோவின் ஜிப்பை அவள்தான் மூடினாள். இப்போது அவள் கணவன் இருபத்தெட்டு மீட்டர் ஆழத்தில், நங்கூரச் சங்கிலிக்குப் பக்கத்தில் எங்கோ கிடந்தான்.

"ரெண்டு தடவை இறங்கிட்ட."

"இன்னொரு தடவை போனா அண்ணன் கிடைச்சிருவான். இருட்டறதுக்குள்ள."

நெல்டா பக்கத்தில் கிடந்த பலகையைப் பார்த்தாள். எவ்வளவு ஆழத்தில் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்ற அட்டவணை அதில் இருந்தது. ஐந்து டிகிரித் தண்ணீரில் உடம்பு கைகால்களுக்கு ரத்தத்தைக் குறைத்துவிடும். ஆழத்தில் சதைக்குள் ஏறிய வாயு வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கும்; மேலே வரும்போது குமிழாகி ஆளை முடக்கிவிடும். அதனால் குளிர்நாளில் அட்டவணையில் உரிய வரியைப் படிக்கக் கூடாது. இன்னும் குறைந்த நேரம் தரும் அடுத்த வரியைப் படிக்க வேண்டும். இரண்டு முறை இறங்கிவிட்ட கலிஸ்தோவுக்கு அடுத்த வரி இல்லை. அட்டவணை அங்கே முடிந்திருந்தது.

"நாளைக்குக் காலையில போ."

படகுத்துறையின் மேலிருந்து மாமியார் தொமித்திலா கத்தினாள். "புருஷனத் தண்ணியில விட்டுட்டு வீட்டுல போய் அடுப்பு மூட்டுவியா? ராத்திரி பூரா என் புள்ள குளிர்ல..."

பாதியில் நிறுத்திக்கொண்டாள். 

"காலையிலயும் இந்தப் பலகையிலதான கணக்குப் போட்டீங்க?" என்றான் கலிஸ்தோ.

கணக்கில் தப்பில்லை. அவள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தபோது, உறைபனிக் காற்றில் எராஸ்மோ வாய்க்குழாயைக் கடித்து இரண்டு மூச்சு இழுத்து விட்டுப் பார்த்தான். முகம் தண்ணீருக்குள் போன பிறகுதான் அதில் மூச்சுவிட வேண்டும். மூச்சின் ஈரம் வால்வில் உறைந்தால், ஆழத்தில் வால்வு திறந்தபடியே நின்றுவிடும். சிலிண்டர் காற்றெல்லாம் கொட்டிப்போகும். அந்த 'உஸ்' சத்தம் நெல்டாவின் காதில் விழுந்தது. எழுதிக்கொண்டிருந்த எண்ணை முடித்துவிட்டுச் சொல்லலாமென்று நினைத்தாள். முடித்து நிமிர்ந்தபோது அவன் குதித்திருந்தான்.

அவள் பென்சிலை நீட்டினாள். "இதப் பிடி."

கலிஸ்தோ பிடித்தான். பென்சில் விறைத்த விரல்களுக்கிடையே நழுவிப் பலகைமேல் விழுந்தது. மறுபடி எடுக்கப் பார்த்தான், எடுக்க முடியவில்லை. தொமித்திலா மேலிருந்து அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நெல்டா ஜிப்பை மூடாமலே கையை எடுத்தாள்.

அன்றிரவு வீட்டில் அக்கம்பக்கத்தார் மேசைமேல் எராஸ்மோவின் படத்தை வைத்திருந்தார்கள். "மெழுகுவத்தி ஒண்ணு இருக்குமா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுக்காரி.

நெல்டா கோட்டுப் பைக்குள் கை விட்டாள். காலையில் எராஸ்மோவின் ஜிப் சிக்காமல் ஓடத் தேய்த்த மெழுகுவத்தித் துண்டு விரலில் பட்டது. ஜிப்பின் பித்தளைப் பற்கள் அதில் வரிவரியாகப் பதிந்திருந்தன.

"இல்ல," என்றாள்.

கலிஸ்தோவின் உடுப்பு அடுப்போரம் காய்ந்துகொண்டிருந்தது. அவள் அதை மடியில் போட்டுக்கொண்டு, காலையில் அவன் இறங்குவதற்காக ஜிப்பின் ஒரு நுனியிலிருந்து மெழுகைத் தேய்க்கத் தொடங்கினாள். உடுப்பு நழுவி நழுவி மடங்கியது.

தொமித்திலா எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்தாள். நெல்டாவின் முகத்தைப் பார்க்காமலே, ஜிப்பின் மறுநுனியை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.