ஒரே உளியில் உழுத வயல்

சாய்ந்து கிடந்த மக்காச்சோளத்தைப் பார்த்ததும் அவள் வயலுக்குள் இறங்கினாள். காற்று ஒன்றும் பிரமாதமாக அடித்துவிடவில்லை. பக்கத்து வயலெல்லாம் ஜம்மென்று நிற்க, இவர்கள் பயிர் மட்டும் பாய் விரித்த மாதிரிப் படுத்துவிட்டது. ஒரு தட்டையைப் பிடுங்கினாள். ஒரு சாண் இறங்கிய வேர், முழங்கையை மடக்கியதுபோலப் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. கடப்பாரையைக் கொண்டுவந்து குத்தினாள். கொஞ்ச தூரம் சுலபமாக இறங்கி, ‘ணங்’கென்று நின்றது.

"அடியில பாறையா?" என்றார் வரப்பில் நின்ற மாமனார்.

"மண்ணுதான் மாமா. வருஷா வருஷம் ஒரே ஆழத்துல சட்டிக்கலப்பை ஓட்டி ஓட்டி, கீழ தளம் போட்ட மாதிரி இறுகிடுச்சு."

டிராக்டர் ஓட்டுகிறவன் கொழுந்தன். அவனுக்குச் சுருக்கென்றது. "அப்போ என் உழவுதான் தப்புங்கிறீங்களா அண்ணி? இன்னும் ஆழமாப் புரட்டிட்டாப் போச்சு."

"புரட்டினா நல்ல மண்ணு அடியில போயிடும், களிமண்ணு மேல வந்து உக்காந்துக்கும். கவிழ்க்காம அடியில மட்டும் உடைக்கணும் தம்பி."

லாரியில் வெளியூர் போயிருந்த கணவன் போனில், "உனக்குச் சரின்னு படுறதைச் செய்" என்று முடித்துக்கொண்டான். அது போதுமாயிருந்தது அவளுக்கு. லேத் பட்டறைக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த உளிக்கலப்பையைக் கேட்டு வாங்கிவந்தாள். மூன்று இரும்புக் கால்கள், நுனியில் உளி போன்ற முனை. மண்ணைப் புரட்டாது, உள்ளே இறங்கிப் பிளந்துகொண்டே போகும்.

அறுவடை முடிந்து வயல் நன்றாகக் காயும்வரை பொறுத்தாள். ஈரத்தில் ஓட்டினால் பிளக்காமல் வழுக்கிக்கொண்டு போகும் என்று பட்டறைக்காரர் எச்சரித்திருந்தார்.

முதல் சாலிலேயே டிராக்டரின் முன்சக்கரங்கள் எழும்பின. கலப்பைக் காலைச் சட்டத்தோடு பிணைத்திருந்த போல்ட் ‘டப்’பென்று அறுந்தது. மாற்றினார்கள். அதுவும் அறுந்தது.

"தடியான போல்ட்டாப் போடுவோம்" என்றான் கொழுந்தன்.

"வேண்டாம். போல்ட் அறுந்தாத்தான் கால் தப்பிக்கும். அளவானதையே வாங்கிட்டு வரேன்."

அவள் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் அவன் தன் இஷ்டத்துக்குத் தடியானதைப் பூட்டி ஓட்டியிருந்தான். போல்ட் தாங்கிவிட்டது, நடுக்கால்தான் வில்லாக வளைந்து நின்றது. அவன் டிராக்டரைவிட்டு இறங்காமல் தலையைத் தொங்கப்போட்டிருந்தான். அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"இதோட விட்டுடலாம் அண்ணி."

"விடறதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்? இறங்கு. ஸ்பேனரை எடு."

வளைந்த காலைக் கழற்றிப் போட்டாள். ஓரத்துக் கால்களில் ஒன்றை நடுவில் மாற்றிப் பூட்டினாள், மற்றதையும் கழற்றிவிட்டாள்.

"ஒத்தைக் காலா? வயல் முடியறதுக்குள்ள எனக்குப் பேரன் பிறந்துடுவான்!"

"முதல்ல கல்யாணத்துக்குப் பொண்ணு கிடைக்கட்டும்" என்றபடி அவளே ஏறி உட்கார்ந்தாள்.

முதல் தடவை அந்த இறுகிய தளத்தைக் கீறுகிற அளவுக்கு மட்டும் இறக்கினாள். அதே தடத்தில் திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் இறக்கினாள். எஞ்சின் முக்கி முனகியது, சக்கரம் எழும்பவில்லை. பின்னால் மண் மெல்லப் பொங்கி, இருபுறமும் வெடிப்பு ஓடியது. மேலே கிடந்த சருகு இடம் மாறாமல் அப்படியே கிடந்தது. ஆமை வேகம்தான். இடுப்பு விட்டுப்போகும்போலிருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் கொழுந்தன் வந்து டிராக்டரை மறித்து நின்றான். "இறங்குங்க அண்ணி. எவ்வளவு ஆழம்னு சொல்லுங்க, நான் ஓட்டறேன்."

சொன்னாள். சொன்னபடியே ஓட்டினான். மறுநாளும் அதற்கு மறுநாளும் மாறி மாறி ஓட்டினார்கள். ‘இன்னும் ஆழம்’ என்று இவள் கத்த, ‘காது கேக்குது’ என்று அவன் கத்த, "நீங்க போடற சத்தத்துக்கே மண்ணு பிளந்துடும்" என்றார் மாமனார். கிணற்றோரத் துண்டு மட்டும் பாக்கியிருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது.

கிணற்றோரம் தண்ணீர் குட்டையாகத் தேங்கியது. மற்ற இடமெல்லாம் நின்ற சுவடே இல்லாமல் உள்ளே போய்விட்டது. கொழுந்தன் செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் அங்குமிங்கும் நடந்து பார்த்தான்.

விதைத்த மக்காச்சோளம் ஆளுயரம் வந்தபின் ஒரு பகல் முழுக்கக் காற்று பேயாட்டம் ஆடியது. ஓய்ந்ததும் இருவரும் ஓடினார்கள். கிணற்றோரத்தில் பயிர் படுத்திருந்தது. மீதி வயல் கலைந்த தலையோடு நின்றது.

"அந்தத் துண்டை விட்டுட்டோமே அண்ணி!"

"எங்கே ஓடிடப்போகுது? அறுப்பு முடியட்டும். காய்ஞ்சதும் முதல் வேலை அதுதான்."