லிஃப்ட் ஓட்டிய ஆடு

திங்கட்கிழமை காலையில் லிஃப்ட் மெக்கானிக் பல் விளக்கிவிட்டு வந்தபோது அவர் மனைவி மேசையில் உட்கார்ந்து பட்டியல் எழுதிக்கொண்டிருந்தாள். கடைக்குப் போகிற பட்டியல் என்று நினைத்து எட்டிப் பார்த்தார். இல்லை. அவரைப் பற்றிய பட்டியல்.

"ஒண்ணு, மூக்குக் கண்ணாடிய ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சது. ரெண்டு, வீட்டுச் சாவிய பூட்டுலயே தொங்கவிட்டுட்டுப் போனது. மூணு, ஆடு லிஃப்ட் ஓட்டுச்சுன்னு சொல்றது" என்று அவளே படித்துக் காட்டினாள். "வியாழக்கிழமை பத்து மணிக்கு டாக்டர் வரச் சொல்லியிருக்காரு. மறதிக்குன்னே தனியா படிச்சவராம்."

"மூணாவது மறதி இல்லடி. அது ஞாபகம்."

"நாலாவது ஒண்ணு இருக்கு. அத உங்ககிட்ட சொல்ல மாட்டேன். டாக்டர்கிட்டதான் சொல்லுவேன்."

எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். அவள் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள்.

ஃப்ரிட்ஜும் சாவியும் அவருக்குப் பெரிதில்லை. அறுபத்தொரு வயது மனுஷன், கண்ணாடியை எங்காவது வைக்கத்தான் செய்வான். ஆடுதான் விஷயம். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருத்தர் 'ஆடு கிடையாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், அவர் மச்சான் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிடுவான். அதைவிட மோசம், ஒரு மாதமாக அவருக்கே ஆட்டின் மேல் சந்தேகம் வந்திருந்தது. வியாழக்கிழமைக்குள் ஆட்டைப் பார்த்த இன்னொரு ஆள் வேண்டும். இல்லையென்றால் ஐம்பத்தொரு வருஷமாகக் காய்ச்சல் கனவு ஒன்றைச் சுமந்தலைகிறார் என்று ஆகிவிடும்.

நடந்தது இதுதான். அவருக்குப் பத்து வயது. தெருவுக்கே ஒரு டிவி, தையல்காரர் வீட்டில். ஏழே ஏழு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் செய்திக்கு முன்னால், எந்த நாட்டிலிருந்தோ வந்த ஒரு கார்ட்டூன் போட்டார்கள். பெயர் தெரியாது. எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. அதில் ஒரு பெரிய நத்தை. நத்தை ஓட்டுக்குள் ஏழு மாடி. ஒரு மாடியில் மீன்கள் குடை தைக்கும். அஞ்சாவது மாடியில் ஒரு கிழவி மேகத்தைத் துணி மாதிரி மடித்து அடுக்குவாள். ஏழாவதில் வௌவால்கள் தலைகீழாகத் தொங்கியபடி நிலாவுக்குப் பாலிஷ் போடும். இத்தனைக்கும் நடுவில் ஒரு லிஃப்ட். அதை ஓட்டுவது, தொப்பி போட்ட, ஒன்றரைக் கொம்பு ஆடு.

மெக்கானிக் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். லிஃப்ட் வேலைக்கு ஏன் வந்தாய் என்று யாராவது கேட்டால் சோற்றுக்கு என்பார். பொய். ஆட்டுக்காகத்தான் வந்தார்.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் நின்றதும் ஆடு நெற்றியால் மணியை முட்டும். ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவதற்கு நெற்றி வலிக்கும்போல; முட்டாமல் வாயைத் திறந்து 'ம்ம்மே' என்று கத்திவிடும். இதை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை, பெண்டாட்டியிடம்கூட. ஒரு துருப்புச் சீட்டாவது கையில் இருக்கட்டும் என்று வைத்திருந்தார். அவர் பராமரிக்கிற பதினெட்டுக் கட்டடங்களிலும் லிஃப்ட் வந்து நின்றால் மணி இரண்டு தடவைதான் அடிக்கும். அவர் கைப்பட மாற்றி வைத்தது. ஏன் என்று கேட்டால் கம்பெனியில் அப்படித்தான் அனுப்புகிறார்கள் என்பார். மூன்றாவது இடம் ஆட்டுக்கு. பக்கத்தில் ஆள் இல்லையென்றால் அதை அவரே வாய்க்குள் நிரப்பிக்கொள்வார்.

மகள் நெட்டில் தேடிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. எவனாவது ஏற்றினால்தானே அதில் இருக்கும்! மச்சான் ஒரு முறை தன் நண்பன் ஒருத்தனைப் பேச வைத்தான். "நானும் பாத்தேங்க, என்ன ஒரு ஆடு!" என்று அந்தக் கேடி ஒரு வாரம் போனில் பூச்சுற்றினான். பிறகு குடும்பமே கூடி நின்று சிரித்தது. அன்றிலிருந்து அவர் யாரையும் நம்புவதில்லை. 'எனக்கும் ஞாபகம் இருக்கு' என்று எவனாவது வாயைத் திறந்தால், வேண்டுமென்றே ஒரு பொய்யை நடுவில் செருகுவார். அவன் ஆமாம் போட்டால் ஆள் காலி. இதுவரை பதினோரு பேர் காலி.

அன்று பதினொரு மணிக்கு ஒரு நாலு மாடிக் கட்டடத்து வாட்ச்மேன் போன் செய்தார். "அண்ணே, லிஃப்ட் நின்னுபோச்சு. பல் டாக்டரம்மா உள்ள மாட்டிக்கிட்டாங்க. மேல பேஷண்டெல்லாம் கன்னத்தப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்காங்க."

போய்ப் பார்த்தால், மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் கேபின் நிற்கிறது. வாட்ச்மேனைக் கீழே மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு, நாலாவது மாடிக் கதவை முக்கோணச் சாவி போட்டுத் திறந்தார். கீழே இடைவெளியில் ஒரு நரைத்த தலை தெரிந்தது. அவர் வயசுதான் இருக்கும்.

"ஏறி வந்துடட்டுமா?" என்றாள் டாக்டரம்மா.

"வேணாம்மா. அது நகந்துச்சுன்னா, அப்புறம் உங்களுக்கு வேற டாக்டர் பாக்கணும். பத்து நிமிஷம் பொறுங்க."

கதவுப் பூட்டுக்குள் பார்த்தார். செப்புத் தகடு ரெண்டும் ஒட்டினால்தான் லிஃப்ட் ஓடும்; ஒட்ட வேண்டிய இடத்தில் ஒரு பஞ்சுருண்டை. பல் பிடுங்கினவன் எவனோ வாயிலிருந்து எடுத்துத் திணித்துவிட்டுப் போயிருக்கிறான். "எவன்டா இது?" என்று திரும்பிப் பெஞ்சைப் பார்த்தார். உட்கார்ந்திருந்த ஆறு பேரும் வாயை இறுக மூடிக்கொண்டார்கள்.

இடுக்கியால் பஞ்சை நோண்டிக்கொண்டிருக்கும்போதுதான் கீழே அந்த அம்மா, பயம் தெரியாமலிருக்க, மூக்கால் ஏதோ ராகம் போட்டாள். டொக்கு டொக்கு டடடொக்கு, டொக்கு டொக்கு டொய்ங்.

இடுக்கி கையிலிருந்து நழுவி லிஃப்ட் குழிக்குள் விழுந்து கணீர் என்றது. ஆடு லிஃப்டை மேலே இழுக்கும்போது வருகிற பாட்டு அது.

ஆனாலும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டார். மச்சானின் வேலையாக இருந்தால்?

"என்ன பாட்டும்மா அது?"

"ஒண்ணுமில்ல. சின்ன வயசுல பாத்த ஒரு கார்ட்டூன். நீங்க உங்க வேலையப் பாருங்க."

"நத்தை வருமே, அதுவா?"

நரைத்த தலை மெல்ல நிமிர்ந்தது. கண் இரண்டும் சுருங்கின. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நானும் பாத்திருக்கேன். நத்தை முதுகுல அஞ்சு மாடி இருக்குமே!" தூண்டிலைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்.

டாக்டரம்மா ஒரு கணம் யோசித்தாள். "ஆமா ஆமா, அஞ்சு மாடி" என்றாள்.

போச்சு. ஏழு மாடியை அஞ்சு என்கிறாள். பன்னிரண்டாவது ஆளும் காலி. பாட்டு ஏதோ தற்செயலாக வந்திருக்கிறது. ஆனால் அவள் விடவில்லை.

"மேல் மாடியில ஒரு கிழவன் மழைய பாட்டில்ல ஊத்தி விப்பானே, ஞாபகமிருக்கா?"

மழை விற்கிற கிழவனா? இவ்வளவு கூசாமல் அளக்கிறாளே என்று அவருக்கு வயிறு எரிந்தது. சரி, எவ்வளவு தூரம்தான் போகிறாள் என்று பார்க்கலாம். "இல்லாமயா? இவ்ளோ நீளத் தாடி" என்று இழுத்துவிட்டார்.

"தாடியா?"

"முழங்கால் வரைக்கும்."

"ஓஹோ" என்றாள் டாக்டரம்மா. அந்த ஓஹோவில் ஐஸ் கட்டி இருந்தது. "இதோ பாருங்க மெக்கானிக். வாயத் திறந்து பாத்தே எவன் பல்லு விளக்குறான், எவன் விளக்கலன்னு சொல்றவ நான். எங்கிட்ட கதை விடாதீங்க. சீக்கிரம் கதவப் பாருங்க."

"யாரு கதை விடுறது? நீங்க படிச்சவங்க, நல்லாவே விடுறீங்க!"

"என்னது?"

"ஒண்ணுமில்ல. கதவுலேர்ந்து தள்ளி நில்லுங்க."

பெஞ்சில் இருந்த ஆறு பேரும் டென்னிஸ் பார்க்கிற மாதிரி மேலேயும் கீழேயும் பார்த்தார்கள். அவர் பஞ்சை விரலாலேயே பிடுங்கி எறிந்துவிட்டு, செப்புத் தகட்டைத் துணியால் துடைத்தார். கதவை இழுத்துப் பூட்டினார். மனசுக்குள் வியாழக்கிழமை பாறாங்கல்லாக உட்கார்ந்திருந்தது. ஆடு இல்லை போலிருக்கிறது. மச்சான் சொன்னதே சரியாக இருக்கட்டும். டாக்டர் கொடுக்கிற மாத்திரையை விழுங்கிவிட்டுப் போக வேண்டியதுதான்.

"மெயினப் போடுப்பா!" என்று மாடிப்படியில் குனிந்து கத்தினார்.

கேபின் ஒரு குலுங்கு குலுங்கி மேலே வந்தது. நாலாவது மாடியில் நின்றது. டிங். டிங்.

கதவு இரண்டாக விலகியது.

"ம்ம்மே!" என்றார் மெக்கானிக். எரிச்சலில், பக்கத்தில் ஆள் இருப்பது மறந்துபோய், முழுக் குரலில்.

"ம்ம்மே!" என்றாள் டாக்டரம்மா. அதே நொடியில், அதே சுருதியில், கைப்பையை மார்போடு அணைத்தபடி.

பெஞ்சில் ஒரு கிழவருக்கு வாயிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது.

ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். லிஃப்ட் கதவு மூடப் போய், அவள் காலில் இடித்துத் திரும்பத் திறந்தது.

"ஏழு மாடி!" என்று கத்தினாள் அவள்.

"ஏழுதான்! நீங்கதானே அஞ்சுன்னு சொன்னதுக்கு ஆமாம் போட்டீங்க?"

"நீங்க ஃபிராடான்னு பாக்கப் போட்டேன்! கிழவனுக்குத் தாடி வெச்சீங்களே, அவன் ஒருத்தன் இருந்தானா?"

"எங்க இருந்தான்? அது கிழவி!"

"மேகம் மடிப்பா!"

"அடுக்குவா!"

"மேல் மாடியில வௌவால்!"

"பாலிஷ் போடும்! தலைகீழா!"

பதினோரு பேரைக் காலி செய்த மனுஷன் சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். டாக்டரம்மா கண்ணைத் துடைத்தாள். அவள் வீட்டிலும் இதே கதைதானாம். அண்ணன்மார் நாலு பேரும் அவளுக்கு 'மே மே' என்று பட்டப்பெயர் வைத்து, கல்யாண மேடைவரைக்கும் விடவில்லையாம்.

"நாலு வருஷமா இந்த லிஃப்ட்ல தனியா வந்தா ரெண்டு மணி அடிச்சதும் எனக்குத் தானா வந்துடும். ஏன் வருதுன்னே புரியாம இருந்தேன். எந்தப் படுபாவி இந்த மணிய இப்படி வெச்சது?"

"படுபாவி எதிர்லதாம்மா நிக்கிறேன்."

"உள்ள வாங்க" என்றாள்.

"டாக்டர், என் கடவாப்பல்லு..." என்று ஒருத்தர் எழுந்தார்.

"அது எங்கயும் போகாது. உக்காருங்க."

கதவு மூடியது. இருவரும் கீழே போனார்கள். டிங், டிங், ம்ம்மே. மேலே வந்தார்கள். டிங், டிங், ம்ம்மே. மூன்றாவது மாடியில் இருந்த வக்கீல் ஆபீசிலிருந்து ஆட்கள் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்கள். வாட்ச்மேன் ஒவ்வொரு மாடியாக ஏறி ஆட்டைத் தேடிக்கொண்டிருந்தார். ஆறாவது சுற்றில், மீன் தைத்த குடைக்குப் பிடி இருந்ததா இல்லையா என்பதில் இருவருக்கும் சண்டை வந்தது. இந்த முறை இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அதனாலேயே சண்டை ரொம்ப சுகமாக இருந்தது.

ஏழாவது சுற்றில் அவருக்கு வியாழக்கிழமை ஞாபகம் வந்தது. போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார்.

"அடியே, ஆள் கெடச்சாச்சு! ஆட்டப் பாத்த ஆள்! பல் டாக்டர்!"

"உங்க மூஞ்சியப் பாத்துப் பாவம்னு யாராவது சொல்லியிருப்பாங்க."

"அவங்ககிட்டயே கேளு." போனை டாக்டரம்மாவின் வாயருகே நீட்டினார். லிஃப்ட் தரைத்தளத்தில் நின்றது. டிங். டிங். அந்த அம்மா வஞ்சனையில்லாமல், வயிற்றிலிருந்து ஒரு 'ம்ம்மே' எடுத்துவிட்டாள்.

"என்னடி? இருக்கியா?"

"இருக்கேன்" என்றாள் மனைவி. குரல் ஒரு மாதிரி இருந்தது. "இது... இதுதானா அது?"

"எது?"

"நாலாவது. முப்பத்தஞ்சு வருஷமா தூக்கத்துல இப்படித்தான் கத்துறீங்க. இதே மாதிரி, அச்சு அசல். கேட்டா வருத்தப்படுவீங்களேன்னு நான் மூச்சு விடல. எங்க அம்மா வீட்டுல ராத்திரி தங்க விடாம உங்கள இழுத்துட்டு வருவேனே, எதுக்குன்னு நெனச்சீங்க?"

மெக்கானிக்குக் காது சிவந்தது. டாக்டரம்மா கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு லிஃப்ட் சுவரில் சாய்ந்துவிட்டாள்.

கைப்பை ஜிப் திறக்கிற சத்தமும், பேனா பரபரவென்று கோடு இழுக்கிற சத்தமும் போனில் கேட்டன.

"சரி, மூணையும் நாலையும் அடிச்சுட்டேன்" என்றாள் மனைவி. "அந்தம்மாவ ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்லுங்க. எங்க அண்ணனையும் வரச் சொல்றேன், அவன் மூஞ்சிய நான் பாக்கணும்."

"அப்போ வியாழக்கிழமை டாக்டர் வேணாமில்ல?"

"ஏன் வேணாம்? ஒண்ணும் ரெண்டும் அப்படியேதானே இருக்கு. காலையில போட்டுட்டுப் போன கண்ணாடி இப்போ எங்க இருக்கு, சொல்லுங்க பாப்போம்."

அவர் மூக்கைத் தடவிப் பார்த்தார். சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். டாக்டரம்மா விரலால் அவர் தலை உச்சியைக் காட்டினாள்.

"தலையில" என்றார் போனில், மிடுக்காக.

"பக்கத்துல யாரோ காட்டிக்கொடுத்தாங்க. பத்து மணிக்கு ரெடியா இருங்க" என்று போனை வைத்தாள் மனைவி.