கத்திரிப்பூச் சுங்குடி

ஐஸ் பெட்டி வைக்க இடம் வேண்டும், தையல் மெஷினைத் தெருவுக்குத் தூக்கப்போகிறோம் என்று இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஊசிக்கடியில் கிடந்த போர்வையை உருவுவதா வேண்டாமா என்று சுசித்ராவுக்குத் தெரியவில்லை. நேற்றுச் சாயங்காலம் அத்தை எதிரே உட்கார்ந்திருக்க, மூன்று பக்கம் விளிம்பு அடித்து, நாலாவது பக்கத்தில் நூல் அறுந்துபோய் அப்படியே விட்டிருந்தாள். காலையில் காபியோடு போனால் அத்தை மகாராணி நாற்காலியிலேயே தலை சாய்ந்து கிடந்தாள். "அத்தே, காபி" என்று மூன்று தடவை சொன்னது நினைவிருந்தது. அதற்குப் பிறகு யார் வந்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் ஒன்றோடொன்று குழம்பிக் கிடந்தது.

"துணிய எடுத்துக்கிருங்க தாயி, வெரசா" என்றார் ஒருவர்.

உருவினாள். கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கடைசியில் அடுப்படியில் கேஸ் சிலிண்டர் மேல் வைத்தாள். வைத்த பிறகு அது சரியா என்றும் தெரியவில்லை.

அது மடியில் போட்டுக்கொள்கிற போர்வை. மகாராணி முப்பது வருடம் ஜீப்பில் மலையேறி, ஏலக்காய்த் தோட்டத்து ஈரத்தில் குந்தியிருந்து காயெடுத்தவள். அந்தக் குளிர் மொத்தமும் முழங்காலில் தங்கிவிட்டது. போடியில் வெயில் கொளுத்துகிற நாளிலும் மடிமேல் எதையாவது இழுத்துப் போட்டுக்கொள்வாள். ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் வீடியோவைக் கைப்பேசியில் பார்த்த சுசித்ரா, நாமே தைத்துக் கொடுத்தால் என்ன என்று இறங்கினாள். புதிதாகப் பழகுகிறவர்களும் ஒரே நாளில் தைத்துவிடலாம் என்று வீடியோக்காரி சிரித்துக்கொண்டே சொன்னாள். சுசித்ராவுக்கு நாலு மாதம் ஆனது. ஏழு அங்குலச் சதுரமாக நாற்பத்தெட்டுத் துண்டு. ஓரத்தில் கால் அங்குலம் விட்டுத் தைக்க வேண்டும் என்பது பாதி தைத்துப் பிரித்த பிறகுதான் புத்தியில் ஏறியது. மூலைகள் ஒன்றோடொன்று சேராமல் முறைத்துக்கொண்டு நின்றன. பாதிச் சதுரங்கள் அவளுடைய பழைய சுடிதார்கள். மீதிப் பாதி, கத்திரிப்பூ நிறச் சுங்குடிச் சேலை. கடைத்தாள்கூடப் பிரிக்காத அந்தச் சேலையைப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தது அத்தைதான்.

பத்து மணிக்குத் தேவாரம் ஊரிலிருந்து ஜீப் வந்தது. மகாராணியின் அண்ணன் ஒச்சப்பன் இறங்கினார். ஆறு வருடமாக இந்த வாசலை மிதிக்காத மனிதர். தன் மகளை எடுக்காமல் வெளியிலிருந்து சுசித்ராவைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று தங்கை மகன் பிரபுவின் கல்யாணத்துக்கே வராதவர். தங்கையின் முகத்தை ஒருதரம் பார்த்தார். பிறகு ஓரமாக நின்றுகொண்டார். அவர் கையில் ஒன்றுமே இல்லை என்பதைப் பெண்கள் உடனே கவனித்துவிட்டார்கள்.

"வெறுங்கையோடவா வர்றது? பொறந்த வீட்டுக் கோடி போத்தாம எங்க மதினிய எப்பிடித் தூக்குறது?" என்றாள் கருத்தம்மா. பிரபுவின் அப்பாவோடு பிறந்தவள். அண்ணன் தம்பி எடுத்துவரும் புதுச்சேலையைப் போர்த்தாமல் அங்கே எந்தப் பெண்ணையும் சுடுகாட்டுக்கு அனுப்ப மாட்டார்கள்.

"பொங்கலுக்குப் போன் பண்ணுனா" என்றார் ஒச்சப்பன். "ஆறு வருசத்துல அன்னிக்குத்தான் பேசுனா. நீ கடைசியா எடுத்துக் குடுத்த சுங்குடிய உடுத்தாம வச்சிருக்கேண்ணே, நான் அதைப் போத்திக்கிட்டே போயிக்கிறேன், நீ வந்தா மட்டும் போதும்னா. பெட்டியில இருக்கும். எடுத்தாங்க."

சிலிண்டர் மேல் கிடந்த போர்வைதான் சுசித்ராவின் கண் முன்னால் வந்தது. பொங்கலுக்கு அப்படிச் சொன்னவள் அடுத்த மாசியிலேயே அதை ஏன் எடுத்துக் கொடுத்தாள்? மறந்துவிட்டாளா? அண்ணன் மேல் மறுபடியும் கோபமா? தன்னை மாட்டிவிடப் பார்த்தாளா? அத்தை அப்படிப்பட்டவள் இல்லை. இல்லை என்று இன்றைக்கு யாரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வது?

பிரபு அவள் காதருகே வந்தான். "நீ பேசாம இரு. கடைத்தெருவுல அதே கலர்ல ஒண்ணு எடுத்தாந்துர்றேன்."

அதற்குள் கருத்தம்மா பெட்டியைத் திறந்துவிட்டாள். மிச்சச் சேலையை உதறி இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். துணியை ஓரத்திலிருந்து வரிசையாக வெட்ட வேண்டும் என்பது அப்போது சுசித்ராவுக்குத் தெரியாது. புள்ளிகள் எங்கெங்கே அழகாக விழுந்திருந்தனவோ அங்கங்கே வெட்டியிருந்தாள். சேலை முழுக்கச் சதுரம் சதுரமாக ஓட்டை. ஒரு ஓட்டை வழியே கருத்தம்மாவின் மூக்குத்தி தெரிந்தது.

"யாரு பாத்த சோலி இது?" என்றார் ஒச்சப்பன்.

"நான்தான் பெரியப்பா. அத்தைதான் எடுத்துக் குடுத்தாக."

சொன்ன குரல் அவளுக்கே பொய்யாகப் பட்டது. செத்தவள் எழுந்துவந்து சாட்சி சொல்லப் போவதில்லை. அண்ணன் கொடுத்த கோடியில் கத்தரி வைத்தவள் என்ற பேர்தான் இனி ஆயுசுக்கும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

ஒச்சப்பன் சேலையைக் கையில் வாங்கி ஓரமாகத் தடவிக்கொண்டே போனார். முந்தானைப் பக்கம் வந்ததும் விரல் நின்றது.

"இது கத்தரி இல்லையே. கிழிச்சதுல்ல?"

"எனக்கு வெட்ட மனசு வரல. புதுச்சேலையா இருக்கே அத்தேன்னேன். அவுகதான் முந்தியப் பல்லுல கடிச்சு ஒரே கிழியாக் கிழிச்சாக. இப்பப் பழசாயிருச்சுல்ல, வெட்டுன்னாக."

"பல்லுலயா?"

"ஆமா பெரியப்பா."

அவர் அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். "சின்னதுல கயித்தையும் பல்லுலதான் அறுப்பா கழுத" என்றார். பிறகு சுசித்ராவுக்கு மட்டும் கேட்கும்படி, "கோவமாக் கிழிச்சாளா?" என்றார்.

சற்றுமுன் அவள் மனதில் ஓடியதும் அதுதான். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியல பெரியப்பா. சிரிச்சாப்லதான் இருந்துச்சு. ஆனா என் மூஞ்சியப் பாக்கல."

அவர் தலையாட்டினார். என்ன அர்த்தத்தில் ஆட்டினார் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"தச்சது எங்க?"

கொண்டுவந்து கொடுத்தாள். புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "முடிக்கலையே."

"ஒரு பக்கம் மட்டும் கெடக்கு."

"முடிச்சிரு."

"எழவு வீட்டுல மிசினு ஓட்டுறதா? வெட்டுப்பட்ட துணி கோடியாகுமா?" என்றாள் கருத்தம்மா.

"கோடி வேற எடுத்துருவோம். மாப்ளே, நீ போயி புதுச்சேலை ஒண்ணு எடுத்தா" என்று பிரபுவை அனுப்பினார். "இது அவ காலுக்கு."

மெஷின் தெருவில் சாமியானாவுக்குக் கீழே கிடந்தது. சுசித்ரா போய் உட்கார்ந்ததும், என்னவோ ஏதோ என்று மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. ஊசியில் நூல் நுழையவில்லை. மூன்றாவது தடவையில் நுழைந்தபோது கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அத்தைக்காகவா, பிழைத்தோம் என்றா, அதுவும் தெரியவில்லை. போர்வை கனத்துத் தரையை நோக்கி இழுத்தது. ஒச்சப்பன் தன் நாற்காலியை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, தைக்காத பக்கத்தை அள்ளித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அவள் மிதித்தாள். தையல் கோணிக்கொண்டு ஓடியது, பிரிக்கவில்லை. தைக்கத் தைக்க, அவர் மடியிலிருந்த போர்வை கொஞ்சம் கொஞ்சமாக ஊசியைப் பார்த்து நகர்ந்தது. பிரபு சேலையோடு வந்து நின்றான். ஒரு சாண்தான் பாக்கி இருந்தது. துணி அதற்கு மேல் வரவில்லை. ஓரத்துச் சுங்குடிச் சதுரத்தை அவர் விரல்கள் பிடித்துக்கொண்டிருந்தன.

சுசித்ரா காலை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.