குணேஸ்வரி, தகப்பன் பெயர் தியாகராசா

1.

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவள் ரமணி. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அவளுடைய கம்ப்யூட்டர் கடையில், 1999 கடைசியில் நடந்தது. பெயர்களை மாற்றச் சொன்னாள். மாற்றினேன். ஒரே கதையில் இருவருக்கு ஒரே பெயர் இருந்தால் வாசகர் திட்டுவார் என்று இரண்டு பெண்களுக்கும் வேறு வேறு பெயர் வைத்தேன். கதை அங்கேயே படுத்துவிட்டது. ஆகவே இருவரும் குணேஸ்வரிதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2.

மழை பெய்துகொண்டிருந்த அந்தக் காலையில் குணேஸ்வரி [வேண்டாம். கோலாலம்பூரில் என்றைக்குத்தான் மழை இல்லை?]

குணேஸ்வரி ரமணியிடம் வேலை பார்த்தாள். அவள் குடும்பமும் சேர்ந்திருந்த தமிழர் சங்கத்து உறுப்பினர் புத்தகம் அச்சுக்குப் போகவேண்டும். பிரிக்பீல்ட்ஸ் கிளைக்கு உறுப்பினர் விவரம் அடங்கிய ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு, பக்கத்து ஊர் கிள்ளான் கிளைக்கு ஒன்று. கோப்பை அச்சுக்கு அடுக்கித் தரும் ஸ்டைல்ஷீட்டில் இரண்டு பட்டியலுக்கும் நடுவே ஒரு செங்குத்துக் கோடு போட்டு இரண்டையும் சேர்த்தாள். இருமுறை வந்த ஆள் ஒருமுறை ஆகிவிடுவார் என்று நம்பினாள். ஆகவில்லை. அவள் பெயரே இரண்டு முறை நின்றது.

(அடிக்குறிப்பாகப் போகவேண்டியது: அந்தக் கோடு எழுத்தைப் பார்ப்பதில்லை. ஒரே பதிவை இரண்டு வழியில் எடுத்தால்தான் ஒன்றாக்கும். தனித்தனியே எழுதிய இரண்டு பதிவுகள் அச்சு அசலாக இருந்தாலும் அதற்கு இரண்டுதான்.)

"தப்பா டைப் பண்ணியிருப்பாங்க லா, ஒண்ண தூக்கிடு" என்றாள் ரமணி.

தூக்கப் போனவள் எதற்கும் இரண்டாவது பதிவை முழுசாகப் பார்த்தாள். தகப்பன் தியாகராசா, ரயில்வே, ஓய்வு: அவள் அப்பாவேதான். வீடு கிள்ளான். தாய் தங்கரத்தினம்.

அவள் அம்மா பெயர் பூரணம்.

3.

அழுதாள் என்று எழுதி அடித்துவிட்டேன். இரண்டு பதிவையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள், அவ்வளவுதான். சாயங்காலம் கூட்டிப்போக வந்த அப்பாவைத் திரையின் முன் நிறுத்தினாள். அவர் மறுப்பார் என்று நான் இரண்டு பக்கம் வசனம் எழுதி வைத்திருந்தேன். அத்தனையும் வீண்.

"வாய் தவறி பேர் மாத்திக் கூப்பிட்டுருவேன்னு பயம்மா. அதான் ரெண்டு பேருக்கும் ஒரே பேரு."

பிறந்ததிலிருந்து அவர் செல்லமாகக் கூப்பிட்ட பெயர்!

கிள்ளானில் இருக்கும் அந்த இன்னொரு குடும்பத்துக்கு எல்லாம் தெரியுமாம். பூரணத்துக்குத்தான் தெரியாது. புத்தகம் வீட்டுக்கு வந்தால் அவள் முதலில் மகள் பெயரைத்தான் தேடுவாள்.

"ஒண்ண எடுத்துடும்மா" என்றார்.

"யார எடுக்கணும்ப்பா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

4.

கிள்ளான் பதிவை அழித்தாள் என்று ஒரு முடிவு எழுதினேன். அங்கே ஒரு பெண் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டித் தன்னைத் தேடினாள். அந்த முடிவைக் கிழித்துப் போட்டேன். இரண்டையும் விட்டாள் என்று எழுதினேன். பூரணம் அந்தப் பக்கத்தைத் திறக்கும் வரைக்கும் என்னால் போக முடியவில்லை.

தன் பதிவையே அழிக்கப் போனாள் என்றும் எழுதினேன். அப்பா "வேண்டாம்மா" என்று தடுப்பார் என்று காத்திருந்தேன். எத்தனை முறை எழுதியும் அவர் தடுக்கவில்லை.

நீங்கள் எழுதிப் பாருங்கள். உங்களிடமாவது அவர் வாயைத் திறக்கிறாரா என்று.