குளோரி வீட்டுக்கு வெள்ளம் வரவில்லை

1

இந்தக் கதைக்கு வித்து ஒரு பொன்னாடை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. 2009இல் கன்னியாகுமரி லாட்ஜ் ஒன்றின் மாடி அரங்கில் அதைப் போர்த்தினார்கள். போர்த்தப்பட்டவன் ஜெபசீலன், நெய்யூரில் மருந்துக்கடை வைத்திருப்பவன், கதையும் எழுதுகிறவன். இதை எழுதுவதும் அவன்தான். 'நான்' என்றே எழுதலாமே என்பீர்கள். போன கதையில் அப்படி எழுதப்போய், வீட்டில் எத்தனை பேரைக் கடல் கொண்டுபோனது என்று மதுரையிலிருந்தெல்லாம் போனில் துக்கம் விசாரித்தார்கள். அவன் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். ஆகவே இனி 'அவன்'.

2

முதல் தொடக்கம்: கடல் அன்று காலை—

(அடித்தாயிற்று. இந்தக் கதையில் கடல் கிடையாது. இந்த மாவட்டத்துக்காரன் பேனாவை எடுத்தாலே கடல் பொங்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது?)

இரண்டாம் தொடக்கம்: குளோரி குழாயைத் திறந்தாள். காற்று வந்தது.

இது இருக்கட்டும். குளோரி, ஜெபசீலனோடு கல்லூரியில் படித்தவள். கடற்கரையில் வாழ்க்கைப்பட்டவள். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த காலனி வீட்டில் பிள்ளைகளோடு இருக்கிறாள். வாசலுக்கு வாசல் குழாய். குழாய்க்கு மேலே, கட்டிக்கொடுத்தவர்களின் பெயர்ப்பலகை. பலகைக்கு வருஷா வருஷம் பெயின்ட் அடிக்கிறார்கள். குழாயில் ஒரு சொட்டு வந்ததில்லை. லாரி வந்தால் உண்டு.

"ஏலே ஜெபா, நாட்டுல உள்ளதெல்லாம் எழுதுதியே, எங்க வீட்டுல வெள்ளம் வராதத எழுதினியா?" என்று மருந்துக்கடையில் வைத்துக் கேட்டாள்.

வெள்ளம்.*

* இந்தப் பக்கத்தில் குடிக்கிற தண்ணீருக்கு அதுதான் பேர். ஊரை மூழ்கடிக்கிற வெள்ளமில்லை, மாத்திரை விழுங்கக் கேட்கிற வெள்ளம். இந்த அடிக்குறிப்பை அன்றைக்கே போட்டிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இருந்திருக்காது. அடிக்குறிப்பு போட்டால் கதையின் உயிர் போய்விடும் என்று தடுத்தவர் பத்திரிகை ஆசிரியர்.

3

எழுதினான். 'குளோரி வீட்டுக் குழாய்' என்று தலைப்பு வைத்துச் சென்னைக்கு அனுப்பினான். 'விடியும்வரை குளோரி குடத்தோடு வெள்ளத்துக்குக் காத்திருந்தாள்' என்பது கடைசி வரி. பத்திரிகையில் 'பிரளயம்' என்ற தலைப்போடு வந்தது. பேரழிவுக்குப் பிந்தைய அச்சத்தைச் சமகாலச் சிறுகதை இவ்வளவு கூர்மையாகச் சொன்னதில்லை என்று ஒரு விமர்சகர் எழுதினார். காலிக்குடம் கருப்பையாம். அது நீல பிளாஸ்டிக் குடம் ஐயா, விளிம்பு பிளந்தது.

இலக்கியம் சமூகத்தின் கண்ணாடி என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். கண்ணாடிதான், ஒப்புக்கொள்வோம். முன்னால் வந்து நிற்கிறவர்கள் அவரவர் தலையைச் சீவிக்கொண்டு போகிறார்கள்.

4

லாட்ஜ் அரங்குக்கு வருவோம். கருத்தரங்கின் பொருள்: 'சமகாலச் சிறுகதையில் அரசியலும் பண்பாடும்.' வந்தவர்கள் முக்கால்வாசியும் வெளியூர்ப் பேராசிரியர்கள். குடிநீர் அதிகாரி ஒருவர் வாழ்த்துரைக்கு வருகிறார் என்று தெரிந்துதான் ஜெபசீலன் குளோரியையும் கூட்டிப்போனான். அவரும் வெளியூர்க்காரர், மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

ஒரு பேராசிரியர் அவனுடைய கதையை வைத்துப் பிரளய அச்சம் பற்றி விரிவாகப் பேசி உட்கார்ந்தார். குளோரி எழுந்தாள்.

"ஸார், குடியேறின நாள் முதக்கொண்டு எங்க காலனிக்கு வெள்ளமே வரல்ல. நீங்கதான் பாக்கணும்."

அதிகாரி நெஞ்சில் கைவைத்தார். "இனிமேலும் வராதும்மா. நான் இருக்கேன்."

கைதட்டல். டீ கொண்டுவந்த உள்ளூர்க்காரர் மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனார். ஜெபசீலன் ஓடிப்போய் மைக்கைப் பிடித்து, "ஸார், அவ சொல்லுதது தண்ணீர்" என்றான்.

"கண்ணீர்தான் ஐயா, கண்ணீர்தான்" என்று கருத்தரங்கத் தலைவர் அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார். அதை உதறி எடுப்பதற்குள் அதிகாரி அடுத்த கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டார். மேடை மேஜையில் தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. குளோரி ஒன்றை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

5

பஸ்ஸில் ஏறியதும் பொன்னாடையைச் சுருட்டிக் காலடியில் போட்டான். அவ்வளவு எரிச்சல்.

"இனி ஆபீஸுல போயி தண்ணீர்னே சொல்லப் போறேன்" என்றாள் குளோரி. "வீட்டுலயும் பிள்ளையளுகிட்ட அப்பிடியே பேசிப் பழகுதேன்."

"உனக்கு அது வாயில வராதுட்டி."

"வரும். தண்ணீர். தண்ணீர்." ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி சொல்லிப் பார்த்தாள். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. பேராசிரியர்கள் பார்த்திருந்தால் இன்னொரு அமர்வு வைத்திருப்பார்கள்.

6

முடிவுகள்:

(அ) அதிகாரிக்குப் புரிகிறது, குழாயில் வருகிறது. நடக்கவில்லை.

(ஆ) குளோரி பெயர்ப்பலகையைக் கல்லெடுத்து உடைக்கிறாள். ஆசிரியருக்கு ரொம்பப் பிடிக்கும். போலீஸ் ஸ்டேஷனுக்கு ஆசிரியர் வரமாட்டார்.

(இ) குளோரி அலுவலகத்தில் போய்த் 'தண்ணீர்' என்று சுத்தமாகச் சொல்கிறாள், காரியம் நடக்கிறது, அப்புறம் அவள் வீட்டில் வெள்ளம் என்ற சொல்லே—

(இதை எழுத அவனுக்குக் கை வரவில்லை.)

ஆகவே ஒரு இடத்தைக் காலியாக விடுகிறான்:

விடியற்காலையில் குளோரி குழாயைத் திறந்தாள். ............ வந்தது.

என்ன வந்தது என்பதை வாசிக்கிறவர்கள் போட்டுக்கொள்ளலாம். இன்றைய நிலவரப்படி காற்று.

இவ்வளவையும் போனில் குளோரிக்கு வாசித்துக் காட்டினான்.

"முடிவ வாசிக்கியவங்களுக்கே குடுத்துரு மக்கா" என்றாள். "எனக்குத் தண்—" என்று தொடங்கி, நிறுத்தி, "வெள்ளம் வந்தா போரும்" என்றாள்.